மாதவிலக்கு நிற்கும் பருவம்

இப்பொருளைக் குறித்துப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபோது, "இதற்கு மருத்துவர் ஒருவரை, அதிலும் பெண் மருத்துவர் ஒருவரை அன்றோ அழைக்க வேண்டும்? பள்ளியில் பாடம் சொல்லிக் காலங்கழித்த எனக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டேன். "மருத்துவர்கள் பெண்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஆண்களுக்குச் சொல்வதற்கு ஓர் ஆண் வேண்டும்" என்றார்கள். அந்த விடை என்னைச் சற்றுச் சுட்டது. அதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது இருக்கலாம். ஒருநாளும் காலந்தவறி வந்தவர் அல்லர். குழந்தைகளிடம் கனிவு மிக்கவர். அத்தகையவர் திடீரென்று மாறினார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வகுப்பை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். மார்கழி மாதக் காலைக் குளிரில், பிறரெல்லாம் போர்த்திக்கொண்டு நிற்க, அவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருப்பார். சிறு குற்றத்துக்கும் பிள்ளைகளைச் சீறுவார். வருகைப் பதிவேட்டின் கூட்டலில் தவறு செய்தார். நான் அவரை அழைத்து, "என்ன அம்மா, வர வரக் கவனம் குறைகிறதே?" என்று கேட்டேன். "இரவில் உறக்கமே இல்லை, ஐயா. மின்விசிறி உள்ள அறைக்கு என் வகுப்பை மாற்றித் தந்தால் நன்றாயிருக்கும்" என்றார். ஒருவருக்குத் தந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டேன். அத்தோடு விடாமல், வகுப்பை விட்டு வெளியேறியதற்கு எழுத்தில் விளக்கமும் கேட்டேன். அடுத்த ஆண்டே அவர் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து என் மனைவிக்கு அதே அடையாளங்கள் தோன்றின. மருத்துவரிடம் சென்றோம். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கிச் சொல்லச் சொல்ல, என் கண்முன் வந்து நின்றது அந்த வேப்பமரந்தான். ஆசிரியப் பயிற்சியில் குழந்தையின் உளவியலை எங்களுக்குப் பல மாதங்கள் கற்பித்தார்கள். உடன் பணியாற்றும் பெண்ணின் உடலியலை ஒரு மணி நேரமேனும் கற்பித்தார்கள் இல்லை. இது குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது. அறியாமை எங்கிருந்து வந்தது என்பதற்காகச் சொன்னேன்.

நேயர்களே, விஷயத்துக்கு வருவோம்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் பத்து முதல் இருபது லட்சம் வரை சினைமுட்டைகள் கருநிலையில் இருக்கின்றன. புதியவை பின்னர் உண்டாவதில்லை என்பதே பொதுவான கருத்து. பூப்பெய்தும் காலத்தில் மூன்று நான்கு லட்சமே எஞ்சுகின்றன. அவற்றுள்ளும் வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுவன ஏறத்தாழ 400 அல்லது 500 மட்டுமே. ஏனையவை தாமே தேய்ந்து போகின்றன. இந்தச் சேமிப்புத் தீரும் தறுவாயில், சினைப்பை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் குறைகிறது. ஒரே சீராகக் குறைந்தால் தொல்லை அவ்வளவு இராது. அது ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் இறங்கி, அணையப்போகும் விளக்கைப்போல் தடுமாறித் தடுமாறிக் குறைகிறது. பெண்கள் படும் அவதியில் பெரும்பகுதி இந்தத் தடுமாற்றத்தால் விளைவதே. இத் தடுமாற்றக் காலம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் நீடிக்கும். சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிலக்கு வாராதிருந்தால், அது நின்றுவிட்டது என்று மருத்துவர் கணக்கிடுவர். ஆகவே நின்ற நாளை அந்நாளில் ஒருவரும் அறிய முடியாது. ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தே அறிய முடியும். மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47-ஐ ஒட்டியே இது வந்துவிடுகிறது. 45-க்கு முன் வருவது சீக்கிரம் வந்தது எனப்படும். 40 வயது நிரம்புவதற்கு முன் நின்றால் அதை இயல்பு என்று விட்டுவிடலாகாது. காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்தல் வேண்டும்.

எங்கள் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. கன்னட நாட்டின் எல்லை அருகில். ஆதலால் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கேட்கும். இப்பருவத்துக்கு இம்மொழிகளில் வழங்கும் பெயர்களை நான் விசாரித்தேன். கன்னடம் பேசுவோர் ‘முட்டு நின்றது’ என்கிறார்கள். தெலுங்கு பேசுவோரும் அதே சொல்லை வைத்து ‘முட்டு ஆகிப்போயிந்தி’ என்கிறார்கள். நம்மவர் ‘தூரம் நின்றுவிட்டது’ என்பர். மூன்றும் நின்றதைச் சொல்கின்றனவே ஒழிய, அதன் முன்னும் பின்னும் உடலில் நிகழ்வதற்குப் பெயர் தரவில்லை. இந்நாளில் அச்சில் ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்று எழுதுகிறார்கள். யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் ஒலிக்கும் அச்சொல் எனக்கு உவப்பானதன்று; தானே நிற்பதை ‘நிற்றல்’ என்பதுதானே முறை? இலக்கணத்தை விட்டுவிடுவோம். பெயரில்லாத துன்பத்தைப் பிறரிடம் சொல்வது கடினம் என்பதற்காகவே இதை எடுத்தேன். பெயர் தெரியாதபோது அது ‘சோம்பல்’ என்றும், ‘திமிர்’ என்றும், ‘காற்றுக் கறுப்பு’ என்றும் பிறர் வைக்கும் பெயர்களைப் பெற்றுவிடுகிறது. நானும் ‘கவனக் குறைவு’ என்று ஒரு பெயர் வைத்தவன்தானே!

இனி அடையாளங்களைக் காண்போம்.

முதலில் தோன்றுவது மாதவிலக்கின் ஒழுங்கின்மை. இருபது நாளிலும் வரும், இரண்டு மாதம் கழித்தும் வரும். சிறிதாகவும் போகும், மிகுதியாகவும் போகும். இக்காலத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். பேரன் பேத்தி எடுத்தபின் கருவுற்று, வெளியில் சொல்லக் கூசி, முறையற்றவர்களிடம் சென்று உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளும் பெண்கள் உண்டு. ஐம்பது வயதுக்கு முன் நின்றவர்கள் அதன்பின் இரண்டாண்டும், ஐம்பதுக்குமேல் நின்றவர்கள் ஓராண்டும் கருத்தடையைக் கைவிடாதிருத்தல் நன்று.

அடுத்தது, எல்லாவற்றிலும் பேர்போனது, திடீர் வெம்மை. மார்பில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று அனல் ஏறும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்வை கொட்டும், அது அடங்கியதும் குளிர் நடுக்கும். ஒன்றிரண்டு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம்வரை நிற்கும். நாளுக்கு ஒரு முறையும் வரலாம், இருபது முறையும் வரலாம். இதன் காரணம் விளங்க, இஸ்திரிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். குறித்த சூட்டுக்குமேல் ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று அதனுள் இருக்கிறது. நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு உறுப்பு அவ்வேலையை உடலுக்குச் செய்கிறது. உடல் வெப்பம் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தப் பொறுமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. ஒரு மிடறு சூடான காப்பி, அடுப்பின் அனல், ஒரு சிறு கோபம், இவை போதும். உடல் கொதித்துவிட்டதென்று பிழையாகக் கணக்கிட்டு, தோலின் இரத்தக் குழாய்களை அகலத் திறந்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. அம்மையார் வேண்டுமென்று செய்வதன்று என்பது இதனால் விளங்கும்.

இரவில் இதுவே வரும்போது ஆடையும் தலையணையும் நனைய எழுந்து உட்கார நேர்கிறது. என் மனைவி கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் திண்ணைக்குச் செல்வதைக் கண்டு, ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணி, நானும் பேசாதிருந்த நாட்கள் உண்டு. இவ்வாறு உறக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் வருவது வியப்பா? வைத்த பொருள் மறப்பதும், சொல்ல வந்த சொல் வாயில் நிற்பதும் வியப்பா? காரணமின்றிக் கண்ணீர் வருவதும், மனம் சோர்ந்து கிடப்பதும் சிலருக்கு உண்டு. முன்பு, குறிப்பாக மகப்பேற்றின்பின், மனத்தளர்ச்சி கண்டவர்களிடம் இஃது அதிகம் தோன்றும். சோர்வு நாட்கணக்கில் நீங்காதிருந்தாலும், வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எழுந்தாலும், அதை வயதின் குணம் என்று ஒதுக்கிவிடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

மூட்டு வலி, தோல் வறட்சி, தலைமுடி மெலிதல், இடுப்பில் சதை கூடுதல் என்பனவற்றை விரிக்க வேண்டியதில்லை; அவை கண்ணுக்குத் தெரிவன. சொல்லாமல் மறைக்கப்படுவது மற்றொன்று. பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து உலர்ந்துவிடுகிறது. அதனால் எரிச்சலும், சிறுநீரை அடக்க இயலாமையும், அடிக்கடி சிறுநீர்த் தொற்றும், கணவனோடு கூடுங்கால் வலியும் உண்டாகின்றன. வெம்மை சில ஆண்டுகளில் தானே தணியும். இவ்வறட்சியோ தானே தணிவதன்று, நாள் செல்லச் செல்ல மிகும். இதற்கு எளிய மருந்து உண்டு. உள்ளே தடவும் ஈரப்பதக் களிம்பும், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த களிம்பும் பெரும் பயன் தருவன. மனைவி விலகிப் படுப்பதை வெறுப்பு என்று கணவனும், தன் உடல் கெட்டுவிட்டது என்று மனைவியும் எண்ணி, இருவரும் வாய் திறவாமல் இருபதாண்டு கழிப்பதைவிட, ஒரு குழாய்க் களிம்பின் விலை மலிவு.

இப்பருவத்துக்கும் எங்கள் பகுதிக்கும் தனித்ததோர் உறவு இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால், சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பேருந்துகளில் இளம்பெண்கள் சீருடையோடு ஏறுவதைக் காணலாம். அதே வேளையில் அவர்களுடைய தாய்மார் டெம்போவில் நின்றவாறு தக்காளி பறிக்கவும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாக் குடில்களுக்கும், பருவகாலத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கும் போகிறார்கள். பிளாஸ்டிக் கூரையிட்ட குடிலுக்குள் நண்பகலில் நுழைந்தவர்களுக்கு அங்குள்ள புழுக்கம் தெரியும். நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அவ்விடத்தில் உள்ளிருந்தும் அனல் எழுமானால் அவள் என் செய்வாள்? சற்று வெளியே வந்து நின்றால் மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வை, அன்று நான் வேப்பமரத்தடியைப் பார்த்த பார்வையாகவே இருக்கும். குடிக்கத் தண்ணீர், ஐந்து நிமிட நிழல், அருகில் ஒரு கழிப்பறை: இம்மூன்றுமே வேண்டுவன. கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்கவே அஞ்சுவார்கள். அதனால் சிறுநீர்த் தொற்றும் வெம்மையும் இரண்டும் மிகும்.

இவ்வாறு வேலைக்கும் மாதவிலக்குக்கும் இடையே அகப்பட்ட பெண்ணிடம், ‘கருப்பையையே எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீர்ந்தது’ என்று சொல்பவர்கள் வந்துவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இது எந்த அளவுக்குச் சென்றது என்பது 2019-இல் வெளியாயிற்று. கரும்பு வெட்டும் கூலிப்பெண்கள் ஒருநாள் வராவிட்டாலும் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்டவேண்டியிருந்தது. அரசு விசாரித்தபோது, கணக்கெடுத்த 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பையை நீக்கிக்கொண்டிருந்தனர். அவர்களில் பலர் நாற்பதையும் எட்டாதவர்கள். தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் மேற்கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

கருப்பையை மட்டும் நீக்கினால் மாதவிலக்கு நிற்கும். சினைப்பைகள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆயினும் அவையும் வழக்கத்தினும் முன்னதாகவே ஓய்ந்துவிடும் வாய்ப்பு மிகுகிறது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், நான்கு ஆண்டுகளில் படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து இறங்குகிறது, வெம்மை கடுமையாகிறது, எலும்பும் இதயமும் இளமையிலேயே காவலிழக்கின்றன. புற்றுநோய் போன்ற காரணங்களுக்காகச் செய்யும் அறுவை உயிர்காப்பது; அதை மறுத்தல் கூடாது. ஆனால் உதிரப்போக்கு மிகுதி என்பதற்காக மட்டும் கத்தியை நாடுமுன், மாத்திரைகளும் கருப்பைக்குள் வைக்கும் மருந்துச் சாதனமும் உண்டா என்று கேட்கவேண்டும். மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறவேண்டும். எந்த உறுப்பை எடுக்கிறார்கள், சினைப்பையை விடுகிறார்களா என்பதைக் கையொப்பம் இடுமுன் கேட்டறிக. அறுவை முடிந்து பத்தாண்டுக்குப் பின்னும் தம்மிடமிருந்து எடுத்தது எது என்று சொல்லத் தெரியாத பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான பிழையும் ஒன்றுண்டு. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் அது இயல்பன்று. ‘மறுபடியும் வந்துவிட்டது, இளமை திரும்பிவிட்டது’ என்று சிரித்து விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சவ்வு மெலிவு போன்ற சிறு காரணமாகவே அது இருக்கும். ஆயினும் கருப்பையின் உட்சவ்வில் தோன்றும் புற்றுநோய் தன்னை முதலில் அறிவிப்பது இந்தத் துளியாலேதான். தொடக்கத்திலேயே கண்டால் குணமாக்க வல்லது அது. ஒரு வாரம் பார்ப்போம், திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடலாகாது. மேலும், படபடப்பு என்றால் எல்லாம் இதுவே என்றும் முடிவு கட்டவேண்டா. தைராய்டுச் சுரப்பியின் கோளாறும், இரத்தசோகையும், சர்க்கரை நோயும் இதே வேடத்தில் வரும். நெஞ்சை அழுத்தும் வலியோ, சிறுதூரம் நடக்கும்போது மூச்சிரைப்போ இருப்பின் இதயத்தைச் சோதித்தே ஆகவேண்டும். ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை இதயக் குழாய்களுக்கு ஒருவகைக் காப்பு இருந்தது. அது நீங்கியபின் பெண்ணும் ஆணைப்போலவே மாரடைப்புக்கு உள்ளாகிறாள்.

இனி, எவ்வாறு சமாளிப்பது? வெம்மை தோன்றும் நேரத்தை முதலில் கவனிக்க வேண்டும். காப்பி, காரம், மது, புகை, நெரிசல், அடுப்பின் அருகு என்று ஒவ்வொருவருக்கும் தூண்டும் பொருள் வேறு. கண்டறிந்து குறைத்தால் பாதி அடங்கும். பருத்தி ஆடை, படுக்கை அருகே தண்ணீர், சாளரம் திறந்த அறை, அனல் எழும்போது மெல்ல ஆழ்ந்து மூச்சுவிடுதல், இவை செலவில்லாதவை. உடற்பருமனைக் குறைத்தால் வெம்மையும் குறைவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உறக்கத்துக்கும் வெம்மையைத் தாங்கும் திறத்துக்கும் மனப்பயிற்சி மருத்துவம் நன்கு உதவுகிறது. சோயா போன்ற உணவுகள் சிலருக்குப் பயன் தருகின்றன, பலருக்குத் தருவதில்லை. ‘இந்தப் பொடியைத் தின்றால் இளமை திரும்பும்’ என்னும் விளம்பரங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அதன் மருந்து எங்கள் மண்ணிலேயே விளைகிறது. மாதவிலக்கு நின்ற பின்னர் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் திண்மையில் ஐந்தில் ஒரு பங்குவரை கரைந்துவிடக்கூடும். வலி ஏதும் தெரியாது. அறுபத்தைந்தில் குளியலறையில் வழுக்கி விழும்போதுதான் தெரியும். இப்பருவம் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் இருப்பதோ மிகச் சொற்பம். எங்கள் பாட்டிமார் இருவேளை களியும் கொள்ளுச் சாறும் உண்டு, வெயிலில் நடந்து, தலையில் சுமை தூக்கினார்கள். அவர்கள் மற்ற வகையில் பட்ட துன்பம் மிகுதி. பழங்காலத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆனால் இச்செய்தியில் அவர்கள் பாக்கியசாலிகள். இன்று களி கிண்டுவதைத் தாழ்வென்று கருதி மூன்றுவேளையும் வெள்ளைச் சோறு உண்கிறோம். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். முருங்கைக்கீரை, எள், பால், மோர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்க. வெயில் படாமல் இச்சத்து உடலில் ஒட்டாது. இரவு வேலை பார்த்துப் பகலில் உறங்கும் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு வெயிலே கிடைப்பதில்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்டு வைட்டமின் ‘டி’ உட்கொள்ள நேரலாம். நாள்தோறும் அரைமணி வேக நடையும், வாரம் இருமுறை சிறு பளு தூக்கும் பயிற்சியும் எலும்புக்கு மட்டுமன்றி மனத்துக்கும் மருந்து.

இவற்றால் அடங்காத கடும் வெம்மைக்குச் சிறந்த மருந்து, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனையே சிறிதளவு கொடுப்பது. இதைப் பற்றிய அச்சம் பெரிதாக இருப்பதால் அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 16,608 பெண்களுக்குச் சுரப்புநீர் மருந்தும் வெற்று மாத்திரையுமாகப் பிரித்துக் கொடுத்துச் செய்த பேராய்வு ஒன்று, மார்பகப் புற்றும் பக்கவாதமும் இரத்தக்கட்டும் சிறிது மிகுந்ததைக் கண்டு 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவிற்று. பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். அவ்வாய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. எட்டாம் வகுப்பின் விடைத்தாளைப் பார்த்து மூன்றாம் வகுப்புக்கு மதிப்பெண் இட்டது போன்றது அது. பின்னர் வயதுவாரியாகப் பிரித்து ஆராய்ந்ததில், அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குவோருக்கு, வேறு தடை இல்லையேல், தீமையினும் நன்மையே மிகுதி எனத் தெரிந்தது. மார்பகப் புற்று, இரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, ஈரல்நோய் உற்றவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்தல் கூடாது. உட்சவ்வு தடித்துப் புற்றாக மாறாதிருக்கப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேரவேண்டும். ஆகவே அடுத்த வீட்டு அம்மாள் உண்ட மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி உண்ணுதல் பெருந்தவறு. சுரப்புநீர் ஆகாதவர்களுக்கு வேறு மருந்துகளும் உள்ளன. மூளையின் வெப்பநிலையத்திலேயே வேலைசெய்யும் புதுமருந்து ஒன்று 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இதற்கெல்லாம் எங்கே செல்வது என்று கேட்கலாம். எங்கள் ஊரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் வழியில் போலுப்பள்ளியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்டு 5-ஆம் நாள், இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் ஏற்பாடு அது, கொண்டுவருவோர் பெண்கள். அவ்வம்மையார் வாசலில் நிற்கும்போது, மாமியாருக்கு மாத்திரை வாங்குகிற மருமகள், தன் உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம்.

மருத்துவரைக் காணச் செல்லும்போது கைவசம் ஒன்று இருக்கட்டும். பால் கணக்கு எழுத ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. மாதவிலக்கு வந்த நாளை அதில் ஒரு வட்டமிட்டும், வெம்மை வந்த நாளை ஒரு புள்ளியிட்டும், உறங்காத இரவை ஒரு கோடிட்டும் குறித்துவருக. மூன்று மாதத்து ஏடுகளைக் கிழித்து எடுத்துச் சென்று காட்டினால், வாய்ச்சொல்லால் அரைமணி நேரம் விளக்குவதை மருத்துவர் ஒரு நொடியில் அறிந்துகொள்வார். கடைசி வட்டத்திலிருந்து பன்னிரண்டு ஏடு எண்ணினால் நின்ற நாளும் தெரியும். எங்கள் வீட்டில் என் மனைவி இட்ட புள்ளிகளைப் பால்காரருக்குத் தரவேண்டிய பாக்கி என்று எண்ணி, ஒரு மாதம் நான் கூட்டிப் பணமும் கொடுத்துவிட்டேன். பால்காரர் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.